ஒரு தம்ளர் தண்ணீரும் பாஸ்வேர்டும்

ஆரியசாலை,
ஜூன் 3

அன்புள்ள பெரியம்மா,

நான் அடுத்த வீட்டு ஷிஜா. நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். இரண்டு முறை உங்கள் கதவு வரை வந்தேன். தட்டுவதற்குக் கையையும் தூக்கினேன். பிறகு திரும்பிவிட்டேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதி, உங்கள் கேட்டில் தொங்கும் பால் பையில் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து என் போனில் உங்கள் வைஃபை எடுக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள் என்று நினைத்தேன். பின்வீட்டு ஜினி அக்காவின் போனிலும் எடுக்கவில்லை. அவள் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டு அதேதான் ஷிஜா. நம்ம போனை மட்டும் ப்ளாக் பண்ணி வச்சிருக்கு, மனசிலாயோ?" என்றாள்.

நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். போன வாரம் வினீத் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுத் தந்தபோது, மேசை மேலிருந்த முறுக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். நான் இரண்டு எடுத்தேன். ஒருவேளை ஒன்றைத்தான் சொன்னீர்களோ என்னவோ.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். "ஏட்டி, இனிமே அந்த வாசல்ல கால் வச்சே, காலை ஒடிச்சுப் போடுவேன்" என்றாள். அதனால்தான் மதியம் வீடியோ கால் போட்டுத் தர வரவில்லை. நீங்களே போடும்போது போனை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். மடியில் வைத்தால் அண்ணனுக்கு மின்விசிறிதான் தெரியும்.

நான் மணி கோத்துத் தைக்க வேண்டிய ஜாக்கெட் டிசைன் எல்லாம் யூசுப் அண்ணன் கடையிலிருந்து போனில் படமாகத்தான் வரும். அப்பா ரீசார்ஜ் செய்யும்வரை எனக்கு வேலை இல்லை. ஆனால் அதற்காக எழுதவில்லை. என்மேல் கோபமா என்று தெரிந்தால் போதும்.

ஷிஜா


ஜூன் 4

மக்களே ஷிஜா,

பால் பையில் கடிதம் கிடக்கும் என்று யார் கண்டது? ஈரமாகக் கிடந்த தாளைக் கேஸ் ரசீது என்று நினைத்து அடுப்பு மேடையில் காயப் போட்டுவிட்டேன். தோசை வார்க்கும்போதுதான் "அன்புள்ள பெரியம்மா" என்று கண்ணில் பட்டது. எனக்கு யாராவது கடிதம் எழுதி எத்தனை காலமாயிற்று! தோசை கருகிவிட்டது. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்.

ப்ளாக்காம் ப்ளாக். எனக்கு என் குளியலறைக் கதவையே ஒழுங்காக அடைக்கத் தெரியவில்லை. மழையில் மரம் ஊதிப்போய், அடைத்தால் திறக்கவில்லை, திறந்தால் அடைபடவில்லை. ஆசாரி நாளைக்கு வருகிறேன் என்று வைகாசி பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த லட்சணத்தில் நான் உட்கார்ந்து உன் போனைத் தேடிப் பிடித்துத் தடுத்தேனாக்கும்!

நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாள், கிழவிக்குப் போன் பிடித்துக் கொடுக்க இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். நானும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். யார் பார்க்க என்று கேட்காதே.

உன் அம்மை பேசியதைக் கேட்டேன். "வைஃபை மகாராணி" என்று சொன்னாள் அல்லவா? மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சீரியல் தொடங்கிவிட்டது. அவள் அதிர்ஷ்டம்.

வினீத்திடம் கேட்கிறேன். அவன்தானே அயர்லாந்துக்குப் போகும் முன் இந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டியவன். நேற்று நானே கால் போட்டதில் அவனுக்கு என் நெற்றியும் சுவர்ப் பல்லியும்தான் தரிசனமாம்.

முறுக்கு இரண்டு எடுத்தாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்த முறை நாலு எடு, எழுதிக் காட்டாதே.

பகவதியம்மாள்


ஜூன் 6

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் நின்று படித்தேன். அம்மா, "அங்க என்னட்டி சிரிப்பு?" என்றாள். எலி ஓடிற்று என்று சொன்னேன். எலி ஓடினால் யாராவது சிரிப்பார்களா என்று அவளும் கேட்கவில்லை.

நீங்கள் தடுக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. "அவ வீட்டுப் பெட்டிய அவளுக்குத் தெரியாம எவன் பூட்டுவான்? நம்மள இளக்காரமா நெனச்சுட்டா" என்றாள். வேலை பார்க்கும் ஹோட்டலில் நாள் முழுக்க யாராவது அவளை ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் வீட்டுப் பக்கத்தில் யார் என்ன செய்தாலும் அவளுக்குப் பொறுக்காது. நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம்.

யூசுப் அண்ணன் கடைப் பையனிடம் டிசைனைத் தாளில் வரைந்து கொடுத்தனுப்பினார். மயில் என்று எழுதியிருந்ததால் மயில் என்று தெரிந்துகொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேரில் உங்களிடம் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்பதாவதோடு நின்றதற்கு அப்பா வேறு காரணம் சொல்வார். உண்மைக் காரணம் அதுதான். தாளில் அந்த அடைப்பு இல்லை.

ஷிஜா


ஜூன் 8

மக்களே,

திருடன் அகப்பட்டான். நான் பெற்றவன்தான்.

அவன் போனில் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். அங்கே உட்கார்ந்துகொண்டே நம் வீட்டுப் பெட்டியில் யார் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாமாம். பார்த்திருக்கிறான். பதினொரு போன். "அம்மா, நீ என்ன அங்க ரயில்வே ஸ்டேஷனா நடத்துத? ஆரு இவ்வளவு பேரும்?" என்றான். உன்னையும் என்னையும் சேர்த்து நான் பெயர் சொல்லத் தொடங்கினேன். ஜினி, ஜினியின் அம்மை, கேஸ் கொண்டுவருகிற பையன், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர், மூலைக் கடைக்காரர்... அவனுக்குத் தலை சுற்றிவிட்டது. என் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன்தான் தடுத்திருக்கிறான். என் பேங்க் பணத்தை யாராவது உருவிவிடுவார்களாம்.

"இவ்வளவு பேருக்கு பாஸ்வேர்டு எப்படிக் கிட்டிச்சு?" என்று கேட்டான். நான்தான் கொடுத்தேன். நம் வீட்டு வழக்கம் என்ன? வாசலுக்கு வந்தவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அவன் அப்பா இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். இப்போது வருகிறவன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் மினுங்குகிற பெட்டியைப் பார்க்கிறான். பார்த்த பிறகு கொடுக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் காலண்டரிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். இதைக் கேட்டதும் அவன் ஒரு சத்தம் போட்டான் பார்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்கிறேன், அவனிடம் சொல்லவில்லை. இந்தப் பெட்டியின் சக்தி என் முன்னறையைத் தாண்டினால் உன் வீட்டுச் சுவரும் என் வாசற்படியும் வரைக்கும்தான். வேண்டுமென்றால் இங்கே வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நாலு வார்த்தை பேச வேண்டும். கேஸ் பையனின் கல்யாணம் தட்டிப்போனது எனக்கு அப்படித்தான் தெரியும். இப்போது எட்டு நாளாகிறது. சிலிண்டரைக் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறான்.

வினீத் பிடிவாதமாக இருக்கிறான். "தனியா இருந்ததெல்லாம் மதி, போதும். கோட்டாற்றுல மாமா வீட்டுக்குப் போ" என்கிறான். நான் போனை மடியில் வைத்துவிட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசட்டும்.

பகவதியம்மாள்


ஜூன் 10

அன்புள்ள பெரியம்மா,

நீங்கள் கோட்டாற்றுக்குப் போய்விடுவீர்களா? கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரும் உங்கள் முன்னறைச் சுவரும் ஒன்றுதானே. நான் ஜாக்கெட்டுக்கு மணி கோக்கும்போது அந்தச் சுவரோரம்தான் உட்காருவேன். உங்கள் டிவி கேட்கும். வில்லி பேசும்போது நீங்கள் திட்டுவதும் கேட்கும். இப்போது உள்ளே வர முடியாததால் அதை வைத்துத்தான் நீங்கள் நலம் என்று தெரிந்துகொள்கிறேன். டிவி ஓடினால் பெரியம்மா நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு.

போனிலும் உங்கள் வைஃபையின் பெயர் தெரிகிறது, "வினீத் ஹோம்" என்று. தொட்டால் உள்ளே விடாது. ஆனாலும் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், சிரிப்பார்கள்.

அம்மா மனம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வினீத் அண்ணன் செய்ததுதான் என்று சொன்னேன். "அப்ப அந்த அம்மா நேர்ல வந்து அதச் சொல்லட்டும்" என்றாள். நீங்கள் வந்தால் அவள் காபி போடுவாள். ஒரு வாரம் பொறுங்கள், நானே பேசி அழைத்துப் போகிறேன். பேசிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

குளியலறைக் கதவுக்கு ஆசாரி வந்தாரா?

ஷிஜா


கோட்டாறு,
ஜூன் 16

என் மக்களே ஷிஜா,

தபாலில் எழுதுகிறேன். பால் பை இவ்வளவு தூரம் எட்டாது. இடது மணிக்கட்டில்தான் கட்டு. எழுதுகிற கைக்கும் வாய்க்கும் ஒன்றுமில்லை.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் ஒழுங்காகப் பேசவே முடியவில்லை. கதவு திறந்ததும் ஒரு கூட்டம், பிறகு ஆஸ்பத்திரி, அதற்குள் என் தம்பி கார் பிடித்து வந்துவிட்டான். உன்னைத் தேடினேன். ஜினியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாய்.

ஆசாரி வரவில்லை, அதுதான் கதை. குளிக்கப் போனவள் பழக்கத்தில் கதவை இழுத்து அடைத்துவிட்டேன். பிறகு தள்ளுகிறேன், குத்துகிறேன், கதவு மலை மாதிரி நிற்கிறது. அப்படித்தான் கை சுளுக்கியது. கூப்பிட்டேன். வெளியே அடைமழை, முன்னறையில் டிவி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. வினீத் கூப்பிடுகிற நேரம் வந்தது. போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டான், இப்போது நான் உள்ளே இருக்கிறேன், இனி யார் வருவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்.

அப்போதுதான் வெளியே ஒரு குரல் கேட்டது. "எல்லாரும் வாங்க! பெரியம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க! கடப்பாரை எடுத்துட்டு வாங்க!" என்று ஆரியசாலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல். யார் பெற்ற பெண்ணோ, நல்ல தொண்டை என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் குரலை நான் அதற்கு முன் இவ்வளவு சத்தமாக எங்கே கேட்டிருக்கிறேன்?

டிவி ஓடிக்கொண்டுதானே இருந்தது. உன் கணக்குப்படி நான் நலமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? உனக்கு எப்படித் தெரிந்தது?

பகவதியம்மாள்


ஆரியசாலை,
ஜூன் 20

அன்புள்ள பெரியம்மா,

வினீத் அண்ணன் உங்களிடம் சொல்லவில்லையா? சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அன்று சுவரோரம் உட்கார்ந்து மயிலுக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தேன். டிவி கேட்டது, அதனால் நிம்மதியாக இருந்தேன். போன் அடிப்பதும் கேட்டது. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வழக்கம்போல வைஃபை பெயரைப் பார்க்கப் போனை எடுத்தேன். "வினீத் ஹோம்" இல்லை. அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் வேறு என்னவோ இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"அம்மா போன் எடுக்கலை, பாருங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்ததும் ஊசியைக் கீழே போட்டேன். அண்ணனிடம் நம் தெருவில் ஒருவர் நம்பரும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அவர் தடுத்து வைத்த போன்களின் பட்டியல்தான். அங்கிருந்து அவரால் பெட்டியின் பெயரை மாற்ற முடியும். அந்தப் பெயர் தடுத்தவர்களின் போனிலும் தெரியும். அதனால் பெயரையே கடிதமாக எழுதிவிட்டார்.

ஓடி வந்து கதவைத் தட்டினேன். இந்த முறை கை தானாகத் தட்டியது. பதில் இல்லை. பின்பக்கம் போய்க் குளியலறைக் காற்றுத் துளையில் காதை வைத்தபோதுதான் நீங்கள் யாரையோ திட்டுவது கேட்டது. ஆசாரியை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் கத்தியது எனக்கு நினைவில்லை. மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். மூலைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் இப்போதும், "எந்தா மோளே, மைக் வேண்டே?" என்று கேலி செய்கிறார்.

கேட் வழியாகச் சுற்றிவரப் பொறுக்காமல் முதலில் மதிலேறிக் குதித்தது யார் தெரியுமா? என் அம்மா. அன்று அவளுக்கு ஹோட்டலில் விடுமுறை. காலை ஒடிப்பேன் என்றவள் தன் காலை ஒடித்துக்கொள்ளாமல் இறங்கியதே பெரிது. பின்கதவைத் தள்ளித் திறந்து, கடப்பாரையைக் குளியலறைக் கதவில் போட்டதும் அவள்தான்.

நீங்கள் போன அன்றே வினீத் அண்ணன் எல்லோரையும் திறந்துவிட்டார். பிறகு என் நம்பரைக் கேட்டு வாங்கி என்னோடு வீடியோவில் வந்தார். நான் போனை மடியில் வைத்துவிட்டேன். அவர் எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு உங்களையெல்லாம் எப்படிக் கூப்பிடணும்னு தெரியல ஷிஜா. ரொம்ப ரொம்ப..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பாவமாக இருந்தது. போனை நேராகப் பிடித்தேன்.

எப்போது வருவீர்கள்?

ஷிஜா


கோட்டாறு,
ஜூன் 25

மக்களே,

வருவேனா என்று கேள். வினீத் மன்னிப்பெல்லாம் கேட்டான், ஆனால் பிடியை விடவில்லை. "நீ சரி, அந்த வீடு சரியில்ல" என்கிறான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் இங்கேயே இருக்க வேண்டுமாம். என் தம்பியும் அவன் மனைவியும் தாங்குகிறார்கள். ஒரு வேலை செய்யவிடுவதில்லை. இங்கேயும் வைஃபை உண்டு. மூன்று மாடிக்கும் பாயும். யாரும் யார் அறைக்கும் போக வேண்டியதில்லை. ஒருவரும் வந்து பாஸ்வேர்டு கேட்கவில்லை. தண்ணீரும்தான், அவரவர் பாட்டிலில் அவரவர் வைத்திருக்கிறார்கள்.

நேற்று வாசலில் கூரியர்காரன் நின்றான். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயந்துபோய், "வேண்டாம் பாட்டி, டியூட்டியில இருக்கேன்" என்றான். சவத்துப்பய.

வினீத் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொரு நாள் விழுந்தோ மாட்டிக்கொண்டோ கிடந்தால்? ஒவ்வொரு முறையும் நீ போனைப் பார்த்துக்கொண்டா இருப்பாய்? உனக்கும் கல்யாணம், வேலை, வேறு ஊர் என்று ஆகும். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

பகவதியம்மாள்


ஆரியசாலை,
ஜூன் 29

அன்புள்ள பெரியம்மா,

எனக்கும் முழுப் பதில் தெரியாது. நான் எப்போதும் இங்கேயே இருப்பேன் என்று எழுதப் பார்த்தேன். பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்று அடித்துவிட்டேன். அந்த அடித்தல்தான் மேலே தெரிவது.

நடப்பதை மட்டும் எழுதுகிறேன். வினீத் அண்ணன் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் போனில் தந்திருக்கிறார். பெயரையும் என்னால் மாற்ற முடியும். ஆனால் அன்று அண்ணன் போட்ட பெயரே இன்னும் இருக்கிறது. யாரும் மாற்றச் சொல்லவில்லை, எனக்கும் கை வரவில்லை. அதனால் வைஃபை வேண்டும் என்கிற ஒவ்வொருவரும் முதலில் "அம்மா போன் எடுக்கலை, பாருங்க" என்பதைத்தான் தொட வேண்டியிருக்கிறது. தொட்டவர்கள் உங்கள் கதவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பூட்டியிருக்கிறது. கேஸ் பையன் நேற்று வாசற்படியில் உட்கார்ந்து, "அம்மச்சி எப்ப வரும்?" என்று கேட்டான். வேறொரு இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்களாம். உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

அம்மா ஆசாரியின் வீட்டுக்கே போய் அவரைக் கையோடு அழைத்து வந்தாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. அவர் சாப்பிடாமல் வந்துவிட்டார். குளியலறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். "அவங்க குளிக்கிறதை யாரு பாக்கப்போறா? ஒரு திரையப் போடுங்க, போதும்" என்றாள்.

இதையெல்லாம் வினீத் அண்ணனிடம் நானே சொன்னேன். வாயால் சொன்னேன். போனை நேராகப் பிடித்துக்கொண்டு. நடுவில் ஒரு முறை தொண்டை அடைத்தது. அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். கடைசியில், "அம்மா இஷ்டம்" என்றார்.

உங்கள் இஷ்டம் என்ன பெரியம்மா?

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் வருவதானால் அந்தப் பெயரை மாற்றிவிடவா? வந்து பார்த்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

ஷிஜா


கோட்டாறு,
ஜூலை 3

மக்களே,

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தம்பி கொண்டுவந்து விடுவான். உன் அம்மையிடம் காபிக்குச் சொல்லிவை. நேரில் வந்து சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிடுகிறேன். அவள் "வைஃபை மகாராணி" என்றதற்கும் பதில் பாக்கி இருக்கிறது.

முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன். கேஸ் பையன் வந்தால் உட்கார வை. பெண் எந்த ஊர் என்று கேட்டு வை. சொல்லாவிட்டால் தண்ணீர் மட்டும் கொடு, வைஃபை நான் வந்து தருகிறேன் என்று சொல்.

பெயரை மாற்றாதே. நான் போன் எடுத்தாலும் அது அப்படியே இருக்கட்டும்.

பகவதியம்மாள்